ஒரு டெஸ்ட் மெயில்... 8,40,000 பேர்!

2016 நவம்பர் 14, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். ஊழியர்களின் இன்பாக்ஸில் ஒரு ‘டெஸ்ட்’ மெயில் வந்து விழுந்தது. பத்துப் பேர், நூறு பேருக்கு அல்ல. சுமார் 8,40,000 பேருக்கு!

‘இது எனக்கு எதற்கு?’ என்று சிலர் எல்லோருக்கும் பதில் போட்டார்கள். ‘எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்’ என்று வேறு சிலர் அதையும் எல்லோருக்குமே அனுப்பினார்கள். (உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஞாபகம் வருகிறதா?) மருத்துவர்களும் நர்ஸ்களும் நம்பியிருக்கும் மெயில் சேவை அன்று திணறிப்போனது.

ஒரே முகவரிக்கு அனுப்பினால் பலருக்கும் போய்ச் சேரும் ‘மெயிலிங் லிஸ்ட்’ செய்த வேலை இது. யூனிக்ஸ் சர்வரில் இப்படி ஒரு லிஸ்ட் தொடங்குவது, காபி ஆறுவதற்குள் முடிகிற காரியம். ‘ஏலியாசஸ்’ என்ற கோப்பில் ஒரு வரி போதும். முதலில் லிஸ்ட்டின் பெயர், அடுத்து முக்காற்புள்ளி, பிறகு உறுப்பினர்களின் முகவரிகள். ‘நியூஏலியாசஸ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் முடிந்தது.

கட்டி மேய்ப்பதுதான் கஷ்டம். உறுப்பினர் ஒருவர் வேலை மாறிவிட்டால், அவருக்குப் போகும் மெயில் திரும்பி வரும். அது, பாவம், கடிதம் எழுதியவர் தலையில் விழும். அதனால்தான் லிஸ்ட்டின் பெயருக்கு முன்னால் ‘ஓனர்’ என்று சேர்த்து இன்னொரு வரியும் எழுதுவார்கள். திரும்பி வருபவை பொறுப்பாளருக்குப் போய்விடும்.

இன்னொரு வேடிக்கை, ‘நான் லீவில் இருக்கிறேன்’ என்ற தானியங்கி பதில். அது லிஸ்ட்டுக்கே போனால், மறுபடி எல்லோருக்கும் போகும்! யூனிக்ஸின் ‘வெகேஷன்’ புரோகிராம் இதில் உஷார். மெயிலின் தலைப்பகுதியில் ‘பல்க்’ என்ற குறிப்பு இருந்தால் வாயே திறக்காது. தனி நபர்களுக்கும், வழக்கமாக வாரத்துக்கு ஒரு முறைதான் பதில் சொல்லும்.

ஆட்கள் அதிகமானால் ‘மெயில்மேன்’ என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். ஒருவர் சேர விரும்பினால் அவருக்கே மெயில் அனுப்பி, ‘நீங்கள்தானா?’ என்று உறுதி செய்துகொள்ளும். தொடர்ந்து திரும்பி வரும் முகவரிகளுக்கு அனுப்புவதைத் தானே நிறுத்திவிடும். அறிவிப்புக்கு மட்டுமான லிஸ்ட் என்றால், பொறுப்பாளர் தவிர யார் எழுதினாலும் நிறுத்திவைக்கும்படி செய்யலாம்.

உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்கோ, பழைய மாணவர்களுக்கோ லிஸ்ட் தொடங்குகிறீர்களா? பதில்கள் லிஸ்ட்டுக்குப் போகாமல், எழுதியவருக்கு மட்டும் போகும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள். பொறுப்பாளராக இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் ஊர் மாறிப் போனாலும், பாஸ்வேர்டு இன்னொருவர் கையில் இருக்கும்.