கடலுக்கும் ஓய்வு வேண்டும்

மே மாத விடுமுறையில் மும்பையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் சிறுவர்கள் அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு காட்சியைக் காண்பர். விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். மீனவர்கள் கரையில் அமர்ந்து வலைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பர். விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் மும்பைக்குத் திரும்பினால், சசூன் டாக்கிலும் வெர்சோவாவிலும் அதே காட்சியைக் காணலாம். இரு கரைகளிலும் படகுகள் ஏன் ஓய்வெடுக்கின்றன?

இதற்குக் காரணம் மீன்பிடித் தடைக்காலம் ஆகும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் 61 நாள்கள் விசைப்படகுகள் மீன் பிடித்தல் கூடாது. கன்னியாகுமரி மாவட்டம் இரு கடல்களையும் தொடுவதால், அங்கு இவ்விரண்டு தடைக்காலங்களும் உள்ளன. துடுப்பாலும் பாயாலும் செல்லும் நாட்டுப் படகுகளுக்கு இத்தடை இல்லை.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் சட்டம் செல்லும். மகாராட்டிரம் 1981ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 1983ஆம் ஆண்டிலும் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டங்களை இயற்றின. அதற்கு அப்பாலுள்ள கடற்பகுதிக்கு நடுவண் அரசு ஆணை பிறப்பிக்கிறது.

தடைக்காலம் மீன்கள் பெருகுவதற்கு உதவுகிறது. பல மீன்கள் முட்டையிடும் பருவத்தில் பெரிய வலைகள் கடலடியை வாரிச் சென்றால், தாய்மீனும் குஞ்சும் ஒருங்கே அழியும். விதைநெல்லை உண்டுவிட்டவர் மறு ஆண்டு எதனை விதைப்பார்? மேலும், மேற்குக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்றால் அலைகள் சீறி எழும். ஆகவே, இத்தடை மீனவரின் உயிரையும் காக்கிறது.

இவ்வழக்கம் சட்டத்திற்கு முன்பே தோன்றியது. மும்பையின் தொல்குடியினரான கோலி மக்கள், மழைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிவிடுவர். ஆவணி மாதத்தையொட்டி வரும் நாரளி பூர்ணிமா அன்று கடலுக்குத் தேங்காய் படைத்து வணங்கிய பின்னரே மீண்டும் கடலுக்குச் செல்வர். தாராவியும் ஒரு காலத்தில் மாகிம் கழிமுகத்தை ஒட்டியிருந்த மீனவர் ஊரே. கோலிவாடா என்னும் பகுதி இன்றும் அங்கே உள்ளது.

எனினும், இந்த ஓய்வு மீனவருக்கு எளிதன்று. இரண்டு மாதம் படகு ஓடாவிடில் கூலியும் இல்லை. அதனால் தமிழ்நாட்டு அரசு மீனவர் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணத் தொகை வழங்குகிறது. அனைவரும் கரையில் காத்திருக்க, ஒருவர் மட்டும் மறைவாக மீன் பிடித்தால், அவர் கவர்வது பிறரின் நாளைய உணவையே ஆகும்.

வெள்ளை வாவல் மீனை மகாராட்டிர அரசு 2023ஆம் ஆண்டில் மாநில மீனாக அறிவித்தது. மராத்தியில் பாப்லேட் எனப்படும் இம்மீனின் குஞ்சுகள் மிகுதியாகப் பிடிக்கப்பட்டதால் அதன் வளம் குறைந்துவந்தது. மீன் வாங்கும் நாமும் இதில் பங்குடையோம். செம்பூர்ச் சந்தையிலோ தாராவிச் சந்தையிலோ உள்ளங்கை அளவுகூட இல்லாத வாவல் குஞ்சுகளைக் கண்டால் வாங்காதிருப்போம். மழைக்காலத்திற்குக் கருவாடு இருக்கவே இருக்கிறது.

சொற்பொருள்: செப்பனிடுதல் – பழுது நீக்குதல், கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம், கவர்தல் – பறித்தல்.

சிந்திக்க: இரு கரைகளின் தடைக்காலங்களும் ஒன்றாக அமையாமைக்குக் காரணம் யாதாக இருக்கலாம்?