கேபினட்டின் காலி அறைகள்

செஞ்சி கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவிலோ பத்திரம் எழுதும் இடத்திலோ மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தால் கறுப்புக் கேபினட் ஒன்று நிற்கும். அதன் முகப்பின் மேல்பாதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு, மூன்று பிளாஸ்டிக் மூடிகள். ஒன்றின் இடத்தில் டிவிடி ரைட்டர் இருக்கலாம். மற்றவற்றுக்குப் பின்னால் வெறும் இடம். அந்தக் கணினி பல வருடம் உழைத்துவிட்டுப் பழைய சாமானோடு எடைக்குப் போகும் நாள்வரை அந்த மூடிகளை யாரும் கழற்றுவதில்லை. டிரைவ் பே எனப்படும் அந்த அறைகளில் ஒன்றையாவது திறந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இந்த அறைகளின் அகலம் 1970களில் முடிவானது. 1976இல் ஷுகார்ட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி டிரைவைக் கொண்டுவந்தது. 1980இல் சீகேட் தன் முதல் ஹார்டு டிஸ்கை அதே இடத்தில் பொருந்தும்படி செய்தது. அதன் கொள்ளளவு 5 எம்பி. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்குச் சரியாக இருக்கும். டிரைவுகளின் உயரம் பிறகு பாதியாகக் குறைந்து 41.3 மில்லிமீட்டரில் நின்றது. சிடி, டிவிடி டிரைவுகளும் அந்த அளவிலேயே வந்தன. அதனால்தான் பெரிய அறையின் அகலம் 146 மில்லிமீட்டர், உயரம் 41.3 என்று இன்றுவரை மாறாமல் இருக்கிறது. இதற்குக் கீழே, 3.5 அங்குல ஹார்டு டிஸ்குக்கான சிறிய அறைகள் இருக்கும்.

பிறகு டிவிடி போனது. விண்டோஸும் புரோகிராம்களும் மதர்போர்டில் நேராகப் படுத்துக்கொள்ளும் எம்.2 எஸ்எஸ்டிக்குக் குடிபோயின. அறைகள் காலியாயின. புதிய கேபினட்டுகள் பலவற்றில் ஐந்தேகால் அங்குல அறையே கிடையாது; முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் வண்ண விளக்கு ஃபேனும்தான். ஆகவே அறைகள் உள்ள பழைய கேபினட் ஒன்று வீட்டில் இருந்தால் அதை எடைக்குப் போடாதீர்கள்.

இவ்வளவு இடம் யாருக்குத் தேவை? கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். நான் நினைப்பது செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரை. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அங்கே இருக்கிறது. மடத்தில் ஓலைச்சுவடிகள் உண்டு. இப்படிச் சுவடி வைத்திருக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ. ஒரு சுவடிக்கட்டைப் படமெடுத்து வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும்.

ஓர் ஓலை 40 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தாணியின் கீறலும், பூச்சி அரித்த துளையும், புள்ளியில்லாத மெய்யும் தெளிவாகத் தெரிய அங்குலத்துக்கு 600 புள்ளி வேண்டும். நீளவாக்கில் சுமார் 9,450 புள்ளி, குறுக்கே 830 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட். சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 24 எம்பி. ஓலையின் இரு பக்கமும் சேர்த்து 48. படத்தின் ஓரத்தில் அளவுகோலும் வண்ணப் பட்டையும் வைத்தால் 50ஐத் தாண்டும். 200 ஓலை கொண்ட ஒரு சுவடி 10 ஜிபி. அப்படி நூறு சுவடிகள் 1 டிபி. சிறிய தொகுப்புக்கே இந்தக் கணக்கு. இதை மடிக்கணினியிலும் பென்டிரைவிலும் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்தால், எது எங்கே இருக்கிறது என்று இரண்டு வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. அறைகள் உள்ள மேஜைக் கணினி ஒன்று இருந்தால் எல்லாம் ஓரிடத்தில் வரிசையாக நிற்கும்.

காலி அறையில் முதலில் வைக்கக்கூடியது இன்னொரு ஹார்டு டிஸ்க். 3.5 அங்குல டிஸ்கின் அகலம் 101.6 மில்லிமீட்டர். பெரிய அறையில் வைத்தால் இருபுறமும் இடைவெளி விழும். அதை நிரப்ப இரண்டு தகடுகள் கொண்ட பிராக்கெட் சென்னை ரிச்சி தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஸ்க்ரூவைப் பார்த்துப் போட வேண்டும்: 3.5 அங்குல டிஸ்குக்கு அகன்ற மரை. டிவிடி டிரைவுக்கும் 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கும் நுண்மரையுள்ள எம்3. மாற்றி முறுக்கினால் டிஸ்கின் பக்கவாட்டு மரை சிதைந்துவிடும்.

நிறைய டிஸ்க் வேண்டுமென்றால் கூண்டு இருக்கிறது. அடுத்தடுத்த மூன்று பெரிய அறைகளை ஒன்றாக்கினால் உயரம் சுமார் 124 மில்லிமீட்டர். அதற்குள் 3.5 அங்குல டிஸ்குகளைப் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தலாம். ஒரு டிஸ்கின் தடிமன் 26 மில்லிமீட்டர் என்றால் ஐந்துக்கு 130. அறையின் அகலம் 146. ஐந்தும் உள்ளே போகும். ஆனால் கூண்டின் சுவர்களையும் தட்டுகளையும் கழித்தால் டிஸ்குகளுக்கு இடையே காற்றுப் போக மிஞ்சுவது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். வடமாவட்டங்களின் கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், இது போதாது. நான்கு டிஸ்க் கூண்டை வாங்குங்கள். அதுவும் பின்னால் ஃபேன் உள்ளதாகப் பார்த்து. டிஸ்கின் சூடு 45 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும்.

கார்டு ரீடர், முன்பக்க யுஎஸ்பி பலகை, ஃபேன் வேகத்தைத் திருகும் கட்டுப்பாட்டுக் கருவி, சின்ன இழுப்பறை என்று இந்த அறைக்கு இன்னும் பல பொருள்கள் விற்கின்றன. கேமரா வேலை செய்பவருக்குக் கார்டு ரீடர் நல்லது. மற்றவை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. டிவிடி ரைட்டரை எடுத்துவிட்டு ப்ளூரே ரைட்டர் போட்டால் 100 ஜிபி தட்டில் ஒருமுறை மட்டும் எழுதும் பிரதி எடுக்கலாம். பிறகு யாரும் தவறிக்கூட அதை அழிக்க முடியாது. பெரிய நூலகங்கள் பயன்படுத்தும் எல்டிஓ காந்த நாடா டிரைவும் இதே ஐந்தேகால் அங்குல அளவில் வருகிறது. அதன் ஒன்பதாம் தலைமுறை நாடா ஒன்று 18 டிபி கொள்ளும். டிரைவின் விலையும், அதற்கென்று போட வேண்டிய தனிக் கார்டும் சேர்ந்து தனிமனிதருக்குக் கட்டுப்படியாகாது.

இவை எல்லாவற்றிலும் நான் முதலில் வைப்பது வேறொன்று: கதவுள்ள தட்டு. மொபைல் ரேக் என்று கேட்டால் கடையில் தருவார்கள். ஒரு பெரிய அறையில் அது உட்காரும். முன்னால் சிறு கதவு. கதவைத் திறந்து ஹார்டு டிஸ்கை அப்படியே தள்ளினால் பின்னால் உள்ள பலகையில் பொருந்திக்கொள்ளும். கதவைத் திறந்தால் டிஸ்க் கையோடு வரும். கணினியை அணைக்க வேண்டியதில்லை. டிஸ்கின் சாட்டா இணைப்பைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் தெரியும்: மின்சாரத்துக்கு 15 தகட்டு முனைகள், தகவலுக்கு 7. அவற்றில் தரை இணைப்புக்கான முனைகள் மற்றவற்றைவிடச் சற்றே நீளம். செருகும்போது அவை முதலில் தொடும், உருவும்போது கடைசியில் விடும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் டிஸ்க் பொசுங்காமல் இருப்பது இதனால்தான். பயாஸில் ஏஹெச்சிஐ என்ற முறை இயங்க வேண்டும், அந்த போர்ட்டுக்கு ஹாட் பிளக் என்பதை இயக்க வேண்டும். எடுக்கும்போது விண்டோஸிடம் சொல்லிவிட்டு, டிஸ்கின் சுழற்சி ஓயும்வரை சில விநாடி பொறுத்து உருவ வேண்டும்.

பொருத்துவது அரைமணி வேலை. மின்சாரத்தைத் துண்டித்து, கேபினட்டின் இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றுங்கள். பிளாஸ்டிக் மூடியின் கொக்கிகளை உள்ளிருந்து அழுத்தினால் அது முன்னால் வந்துவிடும். பல கேபினட்டுகளில் அதற்குப் பின்னால் பாதி வெட்டிய இரும்புத் தகடு ஒன்று மறைத்துக்கொண்டிருக்கும். நெம்ப வேண்டாம், முன்னும் பின்னும் ஆட்டினால் ஒட்டியிருக்கும் முனைகள் தளர்ந்து ஒடியும். விளிம்பு கையைக் கிழிக்கும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். ரேக்கை முன்பக்கமாகச் செருகி, முகப்போடு சமமாக வரும்போது இருபுறமும் ஸ்க்ரூ போடுங்கள்.

கேபிள் மாட்டும் முன் மதர்போர்டைப் பாருங்கள். சாதாரணமாக நான்கு அல்லது ஆறு சாட்டா போர்ட்டுகள் இருக்கும். எம்.2 எஸ்எஸ்டி போட்டிருந்தால் சில போர்டுகளில் அவற்றில் ஒன்றிரண்டு தாமாகவே செயலிழக்கும். கையேட்டில் எந்த போர்ட் என்று இருக்கும். இதைத் தெரியாமல் புது டிஸ்க் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

மின்சாரத்தில்தான் உண்மையான ஆபத்து. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா மின்கம்பி போதாவிட்டால் பழைய நாலுமுனை மோலெக்ஸிலிருந்து மாற்றித் தரும் சிறு கேபிளை வாங்குவோம். அதில் 12 வோல்ட் மஞ்சள், 5 வோல்ட் சிவப்பு, நடுவே இரண்டு கறுப்பு. மலிவான கேபிள்களில் இந்தக் கம்பிகளை நெருக்கமாக வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்துவிடுகிறார்கள். உள்ளே கம்பிகள் நகர்ந்து தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கும், டிஸ்கும் போகும். ஒவ்வொரு கம்பியும் தனித்தனிப் பள்ளத்தில் அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிற கேபிளை மட்டும் வாங்குங்கள். இன்னொன்று, 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் விநாடிகளில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு டிஸ்க் ஒரே நேரத்தில் எழுந்தால் கிட்டத்தட்ட 100 வாட். ஓடத் தொடங்கியபின் ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 8 வாட் போதும். நம் ஊர் மின்வெட்டுக்கு யுபிஎஸ் இல்லாமல் இந்த ஏற்பாட்டில் இறங்கக் கூடாது.

கூண்டைவிடக் கதவுள்ள தட்டை ஏன் முதலில் வைக்கிறேன்? கூண்டுக்குள் நான்கு டிஸ்க் இருந்தாலும் அவை ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. இடி, வெள்ளம், திருட்டு, ஒரு வைரஸ், இவற்றில் எது வந்தாலும் நான்கும் சேர்ந்தே போகும். ரெய்டு முறையில் இணைத்தாலும் இதுதான் கதி. ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு வேலையை நிறுத்தாமல் காக்கும். ஆனால் நீங்கள் தவறுதலாக அழித்த கோப்பை எல்லா டிஸ்கிலும் உடனே அழித்துவிடும். பிரதி என்றால் பெட்டியை விட்டு வெளியே போக வேண்டும்.

இதைச் சமணர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகாரம், அபயம், ஔஷதம் ஆகியவற்றோடு சாஸ்திரதானத்தையும் நான்கு தானங்களில் ஒன்றாக வைத்தவர்கள் அவர்கள். நூலைப் படியெடுத்துக் கொடுப்பது அவர்களுக்குப் புண்ணியம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற சமணப் பெண்மணி பொன்னன் எழுதிய சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதிகள் எழுதுவித்துக் கொடுத்தார். தமிழில் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஓர் ஏட்டில் சிதைந்த இடத்தை இன்னோர் ஏட்டைக் கொண்டு சரிபார்க்க முடிந்தது, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பிரதிகள் பிழைத்திருந்ததால்தான். ஒரே மடத்தில் ஒரே பிரதியாக எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தால் இன்று நமக்குச் சீவகன் முழுதாகக் கிடைத்திருப்பானா என்பது சந்தேகம்.

ஹார்டு டிஸ்கின் ஆயுளும் நம்பத்தக்கதல்ல. கூகுள் நிறுவனம் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு செய்திகள் முக்கியம். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. அதே நேரம், செத்த டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, எச்சரிக்கை என்று நம்பப்படும் நான்கு முக்கியக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. அதாவது குறி தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். குறி தெரியவில்லை என்று நிம்மதியாக இருக்கக் கூடாது.

நடைமுறை இப்படி இருக்கட்டும். கேபினட்டுக்குள் நிரந்தரமாக ஒரு பெரிய டிஸ்க். கதவுள்ள தட்டுக்கு அ, ஆ என்று பெயர் ஒட்டிய இரண்டு டிஸ்குகள். ஒரு வாரம் அ, மறுவாரம் ஆ. தட்டில் இல்லாதது அந்தக் கட்டடத்தில் இருக்கக் கூடாது; மடமென்றால் இன்னோர் ஊர் ஜினாலயம், ஸ்டூடியோ என்றால் உரிமையாளர் வீடு. படம் எடுத்து முடிந்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 குறி எடுத்து ஓர் உரைக்கோப்பில் எழுதி வையுங்கள். 64 எழுத்துகள் கொண்ட இந்தக் குறி, கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை கணினியை விட்டு ஒப்பிடச் சொன்னால், எந்த ஓலையின் படம் சத்தமில்லாமல் கெட்டிருக்கிறது என்று பெயரோடு காட்டும். நல்ல பிரதியிலிருந்து அதை மீட்டுக்கொள்ளலாம்.

வெளியே வைக்கும் டிஸ்கை அது வந்த வெள்ளிநிறப் பையிலேயே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மேலே வாங்கிய தேதியும் உள்ளே இருப்பவற்றின் பட்டியலும். ஐந்து வருடம் ஆனதும் புது டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள். 2000களில் வாங்கிய, அகலமான நாடாக் கேபிள் போட்ட ஐடிஇ டிஸ்க் ஏதாவது பரணில் கிடந்தால் முதல் வேலை அதுதான். இன்றைய மதர்போர்டுகளில் அதற்கு இணைப்பே இல்லை. யுஎஸ்பிக்கு மாற்றித் தரும் சிறு கருவி ரிச்சி தெருவில் இன்னும் கிடைக்கிறது.