கணினி ஹாலில், விளையாட்டு போர்வைக்குள்

"கம்ப்யூட்டரை ஹாலில்தான் வைத்திருக்கிறோம், பிள்ளை என்ன விளையாடுகிறான் என்று கண்ணெதிரே தெரியும்" என நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் ஹாலில் இருக்கும் அதே கணினியின் விளையாட்டை, அறைக்குள் படுத்தபடி போனில் ஆட முடியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரிவதில்லை.

ரிமோட் ப்ளே என்று இதற்குப் பெயர். விளையாட்டு ஓடுவது கணினியில்தான். அதன் திரையில் வருவதைக் கணினி உடனுக்குடன் வீடியோவாக மாற்றி வைஃபை வழியே போனுக்கு அனுப்புகிறது. பிள்ளை போனில் அழுத்தும் பொத்தான்கள் அதே வழியில் கணினிக்குத் திரும்பிப் போகின்றன. 100 ஜிபி விளையாட்டைக்கூட சாதாரண போனில் ஆட முடிவது இதனால்தான். ஸ்டீம் தளத்தில் இந்த வசதி 2014இலேயே வந்துவிட்டது. 2023இல் சோனி, பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்காக போர்ட்டல் என்ற தனிக் கைக்கருவியையே கொண்டுவந்தது. வாப்பா டிவியில் செய்தி பார்க்கும்போது மகன் ஓரமாக விளையாடிக்கொள்ளலாம். அதில் தவறொன்றும் இல்லை.

சிக்கல், நாம் போட்டு வைத்திருக்கும் கட்டுப்பாடுகளில் இருக்கிறது. போனில் இருப்பது ஸ்டீம் லிங்க் போன்ற ஒரு சிறிய செயலி மட்டும். ஃபேமிலி லிங்க், அந்தச் செயலி எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று காட்டும். உள்ளே ஓடியது கார் பந்தயமா, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான துப்பாக்கி விளையாட்டா என்று காட்டாது.

ஆகவே கட்டுப்பாட்டை விளையாட்டுக் கணக்கிலேயே வைக்க வேண்டும். ஸ்டீம் ஃபேமிலீஸில் பெற்றோர் ஒரு கணக்குத் தொடங்கி, பிள்ளையைச் சிறுவராகச் சேர்த்தால், எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம் என்று வரையறுக்கலாம். ரிமோட் ப்ளே தேவையில்லை என்றால் ஸ்டீம், பிஎஸ்5 இரண்டிலும் செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம்.

வீட்டு வைஃபைக்குள் ஆடும்வரை இன்டர்நெட் டேட்டா பெரிதாகச் செலவாகாது. வெளியே போய் மொபைல் டேட்டாவில் ஆடினால் கதை வேறு. நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினாலே 6 ஜிபிக்கு மேல் போய்விடும். டேட்டா பேக் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று குழம்பும் வீடுகள் இதையும் பார்க்கலாம்.

இரவில் இன்னொன்று. மானிட்டரை அணைத்தால் கணினி அணைந்துவிடாது, விளையாட்டும் நிற்காது. ஸ்லீப்பில் விட்ட சில கணினிகளைப் போனிலிருந்தே எழுப்பவும் முடியும். எல்லோரும் படுத்த பிறகு ஹாலில் கணினியின் விசிறி இரைந்தால் எழுந்து போய்ப் பாருங்கள். ஷட் டவுன் செய்து, சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பது நல்லது.