குறுஞ்சுற்றும் அதனைக் கண்டறியும் முறையும்

மின்னோட்டம் தனக்குத் திறந்திருக்கும் வழிகள் யாவற்றிலும் செல்லும் இயல்பினது. எனினும் தடை குறைந்த வழியிலே அது மிகுதியாகச் செல்லும். யேர்மனியின் கொலோன் நகரத்தில் ஆசிரியராயிருந்து ஆராய்ச்சி நடத்திய ஓம் என்னும் அறிஞர், அழுத்த வித்தியாசம், ஓட்டம், தடை என்னும் மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் விளக்கினார். அழுத்தம் மாறாதிருக்கத் தடை குறையுமாயின், ஓட்டம் அதே விகிதத்திற் பெருகும். பற்றரியின் இரு முனைகளுக்குமிடையே, வேலை செய்யவேண்டிய உறுப்புக்களை விலக்கிச் செல்லும் மிகக் குறைந்த தடையுள்ள வழி ஒன்று தற்செயலாக ஏற்படின், அதனைக் குறுஞ்சுற்று என்பர்.

இலத்திரனியல் பயிலும் மாணவர் பலர், உறுப்புக்கள் அடங்கிய தொகுதிகளை வாங்கித் தாமே பற்றாசு பிடித்துச் சிறு கருவிகளை அமைக்கின்றனர். அங்ஙனம் அமைத்த கருவி இயங்காதவிடத்து, முதலிற் பழி சுமத்தப்படுவது பற்றரியே. அதனை மாற்றிப் புதியதொன்றை இணைக்கின்றனர். அதுவும் சிறிது நேரத்திற் சூடேறி வலுவிழக்கின்றது. ஈற்றிற் கருவி பயனற்றதென ஒதுக்கப்படுகின்றது. உண்மையில் அதன் உறுப்புக்கள் யாவும் பழுதற்றனவாயிருத்தல் கூடும். குறுஞ்சுற்று, பற்றரியின் குறைபோல வேடமிட்டு வருவதே இம்மயக்கத்திற்குக் காரணமாகும்.

இதனைத் தெளிவாக உணர்தற்கு எடுத்துக்காட்டொன்றை நோக்குவோம். 1971ஆம் ஆண்டில் ஆன்சு கமென்சிண்டு என்பவரால் வடிவமைக்கப்பட்டு 1972இல் விற்பனைக்கு வந்த 555 என்னும் ஒருங்கிணைந்த சுற்று, இத்தகைய தொகுதிகளிற் பெரிதும் இடம்பெறுவது. அதனுடன் சில தடையிகளையும் கொள்ளளவிகளையும் ஒளிகாலும் இருவாயி ஒன்றையும் சேர்த்து, 9 உவோற்றுப் பற்றரியால் இயக்கினால், விளக்கு விட்டுவிட்டு ஒளிரும். இருவாயியுடன் 470 ஓம் தடையி தொடராக இருப்பின், கருவி முழுவதும் எடுக்கும் ஓட்டம் ஏறக்குறைய 20 மில்லியம்பியர் மாத்திரமே.

இனி, அப்பற்றரியின் அகத்தடை 1.5 ஓம் எனக் கொள்வோம். அதன் முனைகள் முற்றாகக் குறுஞ்சுற்றாகும்போது ஓட்டம் 6 அம்பியராக உயரும். அஃதாவது வழக்கமான ஓட்டத்தின் 300 மடங்காகும். அப்பொழுது வெளிப்படும் 54 உவாற்று வலுவும் பற்றரியின் உள்ளேயே வெப்பமாக மாறும். குறுஞ்சுற்றுவழியின் தடை 0.1 ஓம் ஆயின், பற்றரியின் முனைகளிடையே எஞ்சும் அழுத்தம் அரை உவோற்றைச் சிறிது கடக்கும், அவ்வளவே. இதனை அளந்தவர் பற்றரி தீர்ந்ததென்றே எண்ணுவர். ஆனால் அதனைக் கழற்றிச் சிறிது ஆறவிட்டுத் தனியே அளந்தால், அழுத்தம் பெரும்பாலும் மீண்டிருக்கக் காணலாம். தனித்திருக்கையில் நன்றாகவும் இணைக்கையில் வீழ்ச்சியுற்றும் தோன்றும் பற்றரி, குற்றம் பிறிதோரிடத்தில் உண்டென்பதற்குச் சான்றாகும். பழைய பற்றரியும் சுமை ஏற்றப்படின் இவ்வாறு தளருமாதலின், புதிய பற்றரி கொண்டே இச்சோதனையைச் செய்தல் வேண்டும். இணைப்பும் ஒரு கணத்துக்கு மேல் நீடித்தலாகாது.

ஆகவே, ஐயம் தோன்றியவுடன் செய்யவேண்டிய முதற் காரியம் பற்றரியைக் கழற்றுவதே. இலிதியம் சேர்ந்த மின்கலங்களில் இவ்விதி உயிரைக் காக்கும் விதியாகும். அவற்றின் அகத்தடை மிகக் குறைவாதலின் குறுஞ்சுற்றோட்டம் மிகப் பெரிதாகித் தீப்பற்றவும் கூடும். குற்றம் ஆராயப்படும் கருவிக்கு அவற்றை இணைத்தல் ஒருபொழுதும் தகாது.

இரண்டாவது கருவி கண். நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு பலகையின் அடிப்புறத்தை நோக்குதல் வேண்டும். 555இன் கால்களிடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீற்றர், ஆதலின் ஒரு துளி பற்றாசு மிகினும் அது இரு கால்களையும் பாலம்போல் இணைத்துவிடும். வெட்டியெறிந்த கம்பித்துண்டு ஒட்டிக்கொண்டிருத்தல், பல இழைக் கம்பியின் ஓரிழை பிரிந்து அயலிற் படுதல், பலகையைத் தாங்கும் திருகாணியின் தலை செப்புப் பாதையைத் தொடுதல் என்பனவும் வழக்கமான காரணங்கள். பற்றரியின் நேர்முனையும் மறைமுனையும் மாறி இணைக்கப்படினும் பெரும் ஓட்டம் பாயும்.

கண்ணுக்குப் புலப்படாவிடின் பல்மானியை நாடுதல் வேண்டும். பற்றரி கழன்ற நிலையில், பலகையின் நேர்ப்பாதைக்கும் மறைப்பாதைக்கும் இடையே தடையை அளக்க வேண்டும். அளவுக்கம்பிகளை ஒன்றோடொன்று தொடும்போது மானி காட்டும் அதே சிறு பெறுமானம் இங்கும் காணப்படின், உலோகத்தோடு உலோகம் தொடும் குறுஞ்சுற்று உண்டு. தொடக்கத்திற் குறைவாயிருந்து படிப்படியாக உயரின், அது கொள்ளளவி மின்னேற்றம் பெறுவதன் விளைவு, குற்றமன்று. ஒரு திசையில் மாத்திரம் ஓட்டம் செல்லின், இருவாயியின் தன்மையே அங்கு தோன்றுகின்றதெனக் கொள்க.

எனினும் மானி குற்றமில்லையெனக் கூறுமிடத்தும் குற்றம் இருத்தல் கூடும். 555இன் 7ஆம் காலும் 8ஆம் காலும் பற்றாசினால் இணைந்துவிட்டனவென வைத்துக்கொள்வோம். 8ஆம் கால் நேர்முனையைச் சேர்ந்தது. 7ஆம் கால், கொள்ளளவியின் மின்னை இறக்குதற்காக உள்ளே அமைந்த திரான்சிற்றரைச் சேர்ந்தது. பற்றரி இல்லாதபோது அத்திரான்சிற்றர் மூடியிருத்தலின் நேர்ப்பாதைக்கும் மறைப்பாதைக்கும் இடையே தடை மிகுதியாகவே காணப்படும். மின் வந்து கொள்ளளவியின் அழுத்தம் வழங்கியின் மூன்றில் இரு பங்கை எட்டியவுடன் திரான்சிற்றர் திறக்கும், நேர்முனையின் மின் அதனூடாக நேரே மறைமுனைக்குப் பாயும், சுற்றும் சூடேறும். அவ்விரு கால்களுக்கும் இடையே 1,000 ஓம் தடையி இருக்கவேண்டிய இடத்தில் மானி சூனியத்தைக் காட்டுவதே இக்குற்றத்தின் அடையாளம். எந்தக் கால்களிடையே எவ்வளவு தடை இருத்தல் வேண்டுமென்பதைச் சுற்று வரைபடத்திலிருந்து அறிந்தவனுக்கே மானியின் சொல் விளங்கும்.

குறுஞ்சுற்று உண்டெனத் தெரிந்தும் இடம் தெரியாவிடின், உறுப்புக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குதல் செப்புப் பாதைகளைக் கெடுக்கும். இதற்குச் சிறந்த உபாயம் உண்டு. 9 உவோற்றுப் பற்றரிக்குத் தொடராக, 2 உவாற்று தாங்கவல்ல 100 ஓம் தடையியை வைத்துப் பலகையுடன் இணைப்பின், ஓட்டம் 90 மில்லியம்பியருக்குள் அடங்கும். சாதாரணச் செப்புப் பாதையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 35 பங்கு. 1 மில்லிமீற்றர் அகலமுள்ள அத்தகைய பாதையில் 1 சதமமீற்றர் நீளத்தின் தடை ஏறத்தாழ 5 மில்லியோம். அதன்வழி அவ்வோட்டம் செல்லும்போது 0.45 மில்லியுவோற்று வீழ்ச்சி உண்டாகும். மானியின் ஒரு முனையை நேர்மின் நுழையும் இடத்தில் நிறுத்தி, மற்ற முனையை நேர்ப்பாதை வழியே நகர்த்தினால், ஓட்டம் செல்லும் வரை அளவு சிறிது சிறிதாக உயரும். குறுஞ்சுற்றுள்ள இடத்தைக் கடந்தபின் உயராது நிற்கும். உயர்வு எங்கு நிற்கின்றதோ அங்கேயே குற்றம் உளது.

இடத்தைக் கண்டபின், பற்றரியை நீக்கி, சூடான பற்றாசுக்கோலையும் செப்பிழைப் பின்னலையும் கொண்டு மிகையான பற்றாசை உறிஞ்சி எடுக்கலாம். 63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும்; ஈயம் நச்சுப்பொருளாதலின் வேலை முடிந்தபின் கைகளைக் கழுவுதல் அவசியம். மீண்டும் மின் வழங்கும்போதும் அதே 100 ஓம் தடையி முதலில் இருக்கட்டும். அத்தடையியின் முனைகளிடையே 2 உவோற்றளவு காணப்படின், ஓட்டம் 20 மில்லியம்பியரே, கருவி நலமாயுள்ளது. 9 உவோற்றும் அங்கேயே வீழ்ந்திருப்பின், குற்றம் இன்னும் எஞ்சியுள்ளது. முன்னது உறுதியான பின்னரே தடையியை நீக்கிப் பற்றரியை நேரே இணைத்தல் வேண்டும்.

புதிய பற்றரி வாங்குவது ஊகத்தின் வழி; அளந்து அறிவது ஆய்வின் வழி. முன்னையதிற் பொருளும் முயற்சியும் வீணாகின்றன. பின்னையதிலோ, வகுப்பறையிற் சூத்திரமாக மாத்திரம் கற்ற ஓமின் விதி, ஒரு சிறு பலகையின்மேற் குற்றம் உள்ள இடத்தைக் காட்டும் வழிகாட்டியாக அமைகின்றது. ஒதுக்கி எறியப்படவிருந்த கருவியை மீட்டு இயக்கிய மாணவன், அவ்விதியைப் பின் மறப்பதில்லை.