கீபோர்டில் கமகம் வராதா? பரவாயில்லை... மணலி தரும் முதல் பாடம் இதோ!

கீபோர்டு வாங்கி கர்நாடக இசை கத்துக்கலாம் என்று ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்கும் வார்த்தை: "இதுல கமகம் வராதே!"

அது உண்மைதான். கர்நாடக இசையில் ஸ்வரங்கள் அசையும், வழுக்கும். கீபோர்டு கட்டையை அழுத்தினால் ஒரே இடத்தில் நிற்கும். ஆனால், அசைவே தேவைப்படாத உருப்படிகளும் கர்நாடக இசையில் உண்டு. அவற்றின் கதை வடசென்னையில் தொடங்குகிறது.

மணலிக்கு என்ன தொடர்பு?

இன்று மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையும் கன்டெய்னர் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் அங்கே குடியேறியது. அவரது மூத்த மகன்தான் முத்துசாமி தீட்சிதர்.

முதலியார் குடும்பத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு இருந்தது. அதனால் ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்ததாகச் சொல்வார்கள். தம்பி பாலுசாமி வயலினைப் பிடித்துக்கொண்டார். அண்ணன், அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். சுமார் 40 இருக்கும். இவையே 'நோட்டுஸ்வரங்கள்'.

அதில் ஒன்று 'ச்யாமளே மீனாக்ஷி'. கேட்டதும், "இது ட்விங்கிள் ட்விங்கிள் தானே?" என்பீர்கள். ஆமாம், அதே பழைய பிரெஞ்சு மெட்டுதான். மொஸார்ட்டும் அதை வைத்து 12 வேறுபாடுகள் எழுதியிருக்கிறார்.

கீபோர்டுக்கு ஏன் செட் ஆகுது?

நோட்டுஸ்வரங்கள் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை. 'சி' கட்டையை ஸட்ஜமாக வைத்தால், சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் வெள்ளைக் கட்டைகளிலேயே வந்துவிடும். கமகமும் கிடையாது.

எப்படி வாசிப்பது?

* இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அவற்றுக்கு ஒட்டி இடப்பக்கம் உள்ள வெள்ளைக் கட்டைதான் 'ஸ'. அங்கிருந்து வலப்பக்கம் ரி, க, ம, ப, த, நி.
* வலது கைப் பெருவிரல் 'ஸ'-வில், மோதிர விரல் 'ப'-வில், சுண்டுவிரல் 'த'-வில் இருக்கட்டும்.
* ஸ, ப, த ஒவ்வொன்றும் இரண்டு முறை. பிறகு 'ப'-வுக்குத் திரும்பி, இரட்டிப்பு நேரம் நீட்டுங்கள்.
* அந்த நீட்டலுக்குள் மோதிர விரலை 'ம'-வுக்கு நகர்த்துங்கள். ம, க, ரி என இரண்டிரண்டாக இறங்கி, 'ஸ'-வில் நில்லுங்கள்.

வாசிக்கும் முன் ஸ்வரத்தை வாய்விட்டுப் பாடுங்கள். விரல் தடுமாறினாலும் காது திருத்திவிடும். ஆட்டோ ரிதத்தை ஆஃப் செய்துவிட்டு, காலால் தாளம் போடுங்கள். 'டிரான்ஸ்போஸ்' பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கீபோர்டு இல்லையா? போனில் இலவச பியானோ ஆப் போதும், ஒரு விரலால் தொடங்கலாம்.

அடுத்து?

சரளி வரிசை, ஜண்டை வரிசை, கீதம் என்று போகலாம். வர்ணம் வரும்போது கமகம் கட்டாயம். சில கீபோர்டுகளில் இருக்கும் 'பிட்ச் பெண்ட்' சக்கரம் ஓரளவு கைகொடுக்கும். ஆனால், எந்த ஸ்வரத்தை எவ்வளவு அசைப்பது என்பதை ஒரு குருவிடம் கேட்டுத்தான் கற்க முடியும். அதுவரை, "கர்நாடக இசை கீபோர்டில் வருமா?" என்று கேட்பவர்களுக்கு இந்த தீட்சிதர் மெட்டை வாசித்துக் காட்டலாம்.