வைபை வரவில்லை என்றால் லப்ரொப் பழுது என்று அர்த்தமில்லை

2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தின் கடைசி வாரம். எங்கள் மகள் அடுத்த ஆண்டு இடைநிலைப் பாடசாலைக்குப் போக வேண்டியவள். இங்கிலாந்தில் அதற்கான விண்ணப்பத்தை ஒக்ரோபர் 31ஆம் திகதிக்குள் கொடுத்துவிட வேண்டும். பிந்தி வரும் விண்ணப்பங்களை மற்றவர்களுடையதைப் பார்த்து முடித்த பின்னரே பார்ப்பார்கள். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் இரவு வேலைக்குப் போகிறவரோடு போய்விடும். ஆகவே, தெரிந்த ஒருவர் இலவசமாகத் தந்த பழைய லப்ரொப்பைத்தான் நம்பியிருந்தோம்.

அதைத் திறந்தால் எல்லாம் வேலை செய்தது. வைபை மட்டும் வரவில்லை.

பக்கத்துத் தெருக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "வைபை கார்ட் செத்துப்போச்சு, மாற்ற 80 பவுண் ஆகும்" என்றார். வந்து ஆறு மாதமும் ஆகாத எங்களுக்கு 80 பவுண் என்பது ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. யோசித்துக்கொண்டே திரும்பிவந்தோம்.

அன்றிரவு மேல்வீட்டுத் தம்பி வந்து பார்த்தார். தன் போனை யூஎஸ்பி வயரால் லப்ரொப்பில் கொழுவினார். பத்து நிமிடத்தில் வைபை வந்துவிட்டது. "அண்ணை, கார்ட் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு வேண்டிய டிரைவர்தான் உள்ளுக்கு இல்லை" என்று சிரித்தார்.

அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு வேறு குடும்பங்களின் லப்ரொப்புகளைப் பார்த்து நாங்கள் படித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

ஏன் இப்போது இத்தனை லினக்ஸ் லப்ரொப்புகள்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாது. ஆகவே அவற்றைத் திருத்தி இலவசமாகக் கொடுப்பவர்கள் பலர் உபுண்டு, லினக்ஸ் மின்ற் போன்றவற்றைப் போட்டுக் கொடுக்கிறார்கள். லினக்ஸ் என்பது 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய திறந்த மூல வேலை. காசு இல்லை. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்.

பிரச்சினை எங்கே வருகிறது? வைபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஒரு சிறிய நிரல் இருக்கிறது. அதை ‘பேம்வெயர்’ என்பார்கள். அது சிப் செய்தவருக்குச் சொந்தமானது, திறந்த மூலம் அல்ல. அதைச் சேர்த்துக் கொடுப்பதா வேண்டாமா என்பது லினக்ஸ்காரர்களுக்குள்ளேயே நீண்ட காலம் வாதமாக இருந்தது. டெபியன் அமைப்பினர் 2022இல் வாக்கெடுத்து, 2023இல் வந்த டெபியன் 12இலிருந்துதான் அதையும் நிறுவும் தட்டிலேயே சேர்த்தார்கள். ஆகவே கார்ட் நன்றாக இருந்தும் வைபை வராமல் போவது லினக்ஸில் புதுமை அல்ல.

ஒழுங்காகப் பாருங்கள்

ரியூப் லைற் எரியாவிட்டால் முதலில் சுவிச், பிறகு பியூஸ், பிறகு பல்ப் என்று பார்க்கிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான். ஒரு படி சரியென்று கண்ட பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

முதலாவது, சுவிச். பழைய லப்ரொப்புகள் சிலவற்றின் பக்கத்தில் ஒரு சின்னத் தள்ளு சுவிச் உண்டு. வேறு சிலவற்றில் மேல்வரிசைப் பொத்தான் ஒன்றில் அன்ரனா அல்லது விமானப் படம் இருக்கும். பிள்ளைகள் விளையாடும்போது அது அமத்துப்பட்டிருக்கலாம். சந்தேகமென்றால் ‘ரேர்மினல்’ என்னும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, சிறிய ஆங்கில எழுத்தில் ‘ஆர்-எஃப்-கில்’ என்று சேர்த்து எழுதி, இடம்விட்டு ‘லிஸ்ட்’ என்று ரைப் பண்ணுங்கள். ‘ஹாட் புளொக்ட்: யெஸ்’ என்றால் கையால் போடும் சுவிச் அணைந்திருக்கிறது. ‘சொப்ற் புளொக்ட்: யெஸ்’ என்றால் மென்பொருளே அணைத்திருக்கிறது. அதற்கு ‘லிஸ்ட்’ என்ற இடத்தில் ‘அன்புளொக் ஓல்’ என்று எழுதினால் போதும்.

இரண்டாவது, கார்ட் இருப்பது கணினிக்குத் தெரிகிறதா? ‘எல்-எஸ்-பி-சி-ஐ’ என்ற ஐந்து எழுத்தையும் சேர்த்து ரைப் பண்ணுங்கள். உள்ளே உள்ள சாமான்களின் பட்டியல் வரும். அதில் ‘வயர்லெஸ்’ அல்லது ‘நெற்வேர்க் கொன்ரோலர்’ என்ற வரியில் சிப்பின் பெயர் இருந்தால், பெரும்பாலும் கார்ட் உயிரோடு இருக்கிறது. வெளியில் செருகும் யூஎஸ்பி வைபை என்றால் ‘எல்-எஸ்-யு-எஸ்-பி’ என்று எழுத வேண்டும். பட்டியலில் பெயரே இல்லையென்றால்தான் கார்ட் கழன்றிருக்கலாம், பயோஸில் அணைத்திருக்கலாம், அல்லது உண்மையாகவே பழுதாகியிருக்கலாம். எங்கள் கடைக்காரர் இந்தப் பட்டியலைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவது, டிரைவர். கார்ட் பட்டியலில் இருந்தும் வைபை அடையாளமே திரையில் இல்லையென்றால் குறை பெரும்பாலும் இங்கேதான். டிரைவரை இறக்க இன்ரநெற் வேண்டும், இன்ரநெற் வர டிரைவர் வேண்டும் என்ற சிக்கல் வரும். அதற்கு வழி இரண்டு. ரவுட்டரின் பின்பக்கத்திலிருந்து ஒரு லான் வயரை நேரே லப்ரொப்பில் கொழுவலாம். அல்லது அன்ரொயிட் போனை யூஎஸ்பி வயரால் கொழுவி, போனின் செற்றிங்கில் ‘யூஎஸ்பி ரெதரிங்’ என்பதைப் போடலாம். போனே வைபையில் இருந்தால் உங்கள் டேற்றாவும் செலவாகாது.

இன்ரநெற் வந்ததும் லினக்ஸ் மின்ற்றில் ‘டிரைவர் மனேஜர்’, உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்பதைத் திறவுங்கள். புரோட்கொம் சிப்புகள் பலவற்றுக்கு வேண்டிய டிரைவர் அங்கேயே காட்டும். அதைத் தெரிவுசெய்து, நிறுவி, கணினியை அணைத்துத் திரும்பப் போடுங்கள். ‘செக்கியூர் பூட்’ என்ற காவல் போட்டிருந்தால், நிறுவும்போது ஒரு பாஸ்வேட் வைக்கச் சொல்லும். திரும்ப எழும்பும்போது நீலத்திரையில் அதையே கேட்கும். அதைக் கொடுக்காமல் தாண்டிவிட்டால் டிரைவர் வேலை செய்யாது. பாஸ்வேட்டை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

எல்லா வைபையும் தெரிகிறது, எங்களுடையது மட்டும் இல்லை

இதுவும் அடிக்கடி வரும் முறைப்பாடு. பழைய கார்ட்டுகள் சில 2.4 கிகாஹேட்ஸ் அலையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் 5 கிகாஹேட்ஸில் மட்டும் விட்டால் அவற்றுக்குத் தெரியாது. ரவுட்டரில் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

இன்னொரு காரணம் எங்களைப் போன்றவர்களுக்கே உரியது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ரொறன்ரோவிலிருந்து மாமா ஒரு லப்ரொப் கொண்டுவந்து கொடுத்தார். அது வட அமெரிக்க முறைக்கு அமைந்தது. அங்கே பொதுவாக 1 முதல் 11 வரையான சனல்களையே பாவிக்கிறார்கள். ஐரோப்பாவில் 13 வரை உண்டு. அவர்கள் வீட்டு ரவுட்டர் தானாகவே 13ஆம் சனலைப் பிடித்திருந்தது. ரவுட்டரை 6ஆம் சனலுக்கு மாற்றியதும் பெயர் வந்துவிட்டது.

பாஸ்வேட் சரிதான், ஆனால் ஏற்கவில்லை

கீபோட்டைப் பாருங்கள். லினக்ஸ் அமெரிக்க முறையில் இருந்து, உங்கள் கீபோட் பிரித்தானிய முறையில் இருந்தால், ‘அற்’ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். ஜேர்மன் கீபோட்டில் ‘வை’யும் ‘இசட்’டும் மாறியிருக்கும். பாஸ்வேட் எழுதும் பெட்டியில் ‘காட்டு’ என்பதை அமத்தி, என்ன விழுகிறது என்று கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

வைபை வந்தது, பக்கம் திறக்கவில்லை

முதலில் மூலையில் உள்ள மணிக்கூட்டையும் திகதியையும் பாருங்கள். பழைய லப்ரொப்பின் உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சின்ன பற்றரி இறந்துவிட்டால் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போது வங்கி, அரசாங்கம், பாடசாலை போன்ற பாதுகாப்பான பக்கங்கள் திறக்க மறுக்கும். அவற்றின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. திகதியைத் திருத்தினால் போதும்.

தங்குமிடங்களிலும் நூலகங்களிலும், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அமத்த வேண்டிய ஒரு பக்கம் முதலில் வர வேண்டும். அது தானாக வராவிட்டால் ‘நெவர்-எஸ்-எஸ்-எல் டொட் கொம்’ என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த ஒப்புதல் பக்கம் வந்துவிடும். அப்படிப்பட்ட பொது வைபையில் வங்கி வேலை செய்யாமல் இருப்பது நல்லது.

வைபை வந்து வந்து அறுந்தால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லினக்ஸ் கார்ட்டைத் தூங்கவைப்பதும் ஒரு காரணம். தெரிந்தவரிடம் "வைபை பவர் சேவிங்கை நிறுத்தித் தாருங்கள்" என்று கேளுங்கள். ஒரு கோப்பில் ஓர் எண்ணை மாற்றும் வேலைதான். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் அறுந்தால் 5 கிகாஹேட்ஸுக்கு மாறுங்கள்.

கடைசியில்தான் காசு

இவ்வளவும் பார்த்த பிறகும் கார்ட் பழுது என்றே தெரிந்தால், ஒரு சின்ன யூஎஸ்பி வைபை வாங்கிச் செருகலாம். ஆனால் பெட்டியில் ‘லினக்ஸ்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மலிவான சிலவற்றுக்கு டிரைவரை வெளியிலிருந்து தேடிக் கட்ட வேண்டிவரும். டிரைவர் லினக்ஸின் உள்ளேயே இருக்கும் சிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மீடியாரெக் நிறுவனத்தின் எம்-ரி-7612-யு அப்படிப்பட்ட ஒன்று.

உதவி கேட்கும்போது "வைபை வருதில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. சிப்பின் பெயர் என்ன, எந்தப் படியில் நின்றது என்பதை எழுதிக்கொண்டு கேளுங்கள். தெரியாதவர்களுக்குப் பாஸ்வேட்டைக் கொடுக்காதீர்கள். காசு கேட்பவரிடம், "கார்ட் பட்டியலில் இருக்கிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் லப்ரொப்பை விட்டுவிட்டு வரவேண்டாம்.

எங்கள் மகளின் விண்ணப்பம் 30ஆம் திகதி இரவு போய்ச் சேர்ந்தது. அந்த லப்ரொப்பில்தான் இன்றும் அவள் வீட்டுப்பாடம் செய்கிறாள். மேல்வீட்டுத் தம்பி எழுதித் தந்த படிகளை அதன் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். அடுத்த வீட்டுக்காரரின் வைபை நின்றால், இப்போது மகள்தான் யூஎஸ்பி வயரை எடுத்துக்கொண்டு போகிறாள்.