கருஞ்சொக்கலேற்றும் உடல்நலமும்

தாவரங்களுக்கு முறைப்படி பெயர் வகுத்த லின்னேயசு என்னும் அறிஞர், 1753ஆம் ஆண்டிற் கொக்கோ மரத்துக்குத் 'தெயொபுரோமா' எனப் பெயரிட்டார். தேவருணவு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். நம்மவர் அமுதம் என்பதற்கு அஃது ஏறக்குறைய ஒத்தது. இக்காலத்திற் பத்திரிகைகளும் விளம்பரங்களுங் கருஞ்சொக்கலேற்றை இருதயத்துக்கு மருந்தெனப் போற்றுகின்றன. அப்புகழ்ச்சி எவ்வளவு தூரம் பொருந்தும், எந்த அளவோடு நிற்கவேண்டும் என்பன ஆராயற்பாலன.

கொக்கோ தொடக்கத்தில் இனிப்புப் பண்டமன்று. மாயரும் அசுத்தெக்கரும் அதனைக் கசப்பான பானமாகவே அருந்தினர். ஸ்பானியர்வழி ஐரோப்பாவை அடைந்த பின்னரே சீனி அதனோடு பெரிதுஞ் சேர்ந்தது. 1828இல் ஒல்லாந்தரான வான் ஹௌற்றன் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1847இல் இங்கிலாந்திற் பிறை நிறுவனத்தார் அச்சில் வார்த்த கட்டியை ஆக்கினர். 1875இற் சுவிற்சர்லாந்தில் தானியேல் பீற்றர் பாலைச் சேர்த்தார். இவ்வரலாறு கசப்பை நீக்கிய வரலாறு எனலாம். ஆனால், நாவிற்குக் கசந்த பொருள்களுள்ளேதான் உடலுக்கு நன்மை செய்வனவும் இருந்தன. அவை பிளவனோல்கள் எனப்படும். கொட்டையைப் புளிக்கவைத்தல், வறுத்தல் ஆகியவற்றால் அவை குறைகின்றன; நிறமுஞ் சுவையும் மென்மையுறக் காரஞ் சேர்க்கும்போது பெரும்பகுதி அழிந்துவிடுகின்றது.

கொக்கோவின் நலம் பற்றிய ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிருந்தவர் பனாமா நாட்டுக் கரையோரத் தீவுகளில் வாழுங் கூனா மக்களாவர். ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நோமன் ஹொலன்பேக்கும் அவர்தம் உடனாய்வாளரும் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, தீவுகளில் வாழ்ந்த கூனாக்களின் குருதியமுக்கம் தாழ்ந்தே காணப்பட்டது. வயது முதிர்ந்தபோதும் அஃது ஏறவில்லை. அவர்கள் உப்பைக் குறைத்து உண்டவருமல்லர். அதே இனத்தவர் பனாமா நகரிற் குடியேறியதும் இச்சிறப்பு மறைந்தது. ஆதலின் பரம்பரை இதற்கு ஏதுவன்று என்பது போதரும். தீவுவாசிகள் நாடோறும் பலமுறை அருந்திய கொக்கோப் பானத்தின்மீது ஆய்வாளர் கண் சென்றது. எனினும் தீவுக்கும் நகரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு கொக்கோ ஒன்றுதானோ? மீனும் பழமும் நிறைந்த உணவு, உடலுழைப்பு, கவலை குறைந்த வாழ்வு ஆகியனவும் அங்கே உண்டு. ஒன்றைமட்டும் பிரித்தெடுத்துப் புகழ்தல் அவசர முடிபாகும்.

ஆயினும் கொக்கோ குருதிக்குழாய்களில் தொழிற்படும் முறை இப்பொழுது ஓரளவு தெளிவாகியுள்ளது. பிளவனோல்களுள் ஒன்றாகிய எபிக்கற்றெக்கின், குழாய்களின் உட்சுவரில் நைத்திரிக்கொட்சைட்டு உண்டாவதை ஊக்குகின்றது. இவ்வாயு சுவரிலுள்ள தசையைத் தளர்த்த, குழாய் விரிகின்றது, அமுக்கந் தணிகின்றது. இவ்வாயு உடலிற் செய்தி கொண்டு செல்லும் பொருளெனக் கண்ட மூவருக்கு 1998இல் நோபெற் பரிசு வழங்கப்பட்டது.

தணிவு எவ்வளவு? 2017இல் வெளியான கொக்கிறேன் மீளாய்வு 1,800 பேர் வரையில் ஈடுபட்ட 35 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. சராசரித் தணிவு 2 மில்லிமீற்றர் இரசத்துக்குச் சற்றுக் குறைவு. இது சிறிதே, மருத்துவர் தந்த குளிகையை நிறுத்திவிட்டுச் சொக்கலேற்றை நாடுவோர் இவ்வெண்ணை நினைவிற்கொள்ளல் நன்று. 2022இல் முடிவுகள் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 21,000 பேருக்கு மேற்பட்ட முதியோர் பங்குகொண்டனர். ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கொக்கோப் பிளவனோலும், மறு சாராருக்கு மருந்தற்ற வெறுங்குளிகையும் கொடுக்கப்பட்டன. இருதய, குருதிக்குழாய் நோய் நிகழ்ச்சிகள் முழுமையாக நோக்குமிடத்து உறுதியாகக் குறையவில்லை. அந்நோய்களால் நேர்ந்த மரணங்கள் மட்டும் 27 வீதங் குறைந்தன. இவ்வாய்வுக்குப் பொருளுதவி செய்தோருள் சொக்கலேற்று வணிகஞ் செய்யும் மாஸ் நிறுவனமும் ஒன்று. அதனால் முடிபு பொய்யாகிவிடாது. ஆனால் வாசிப்போர் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

அவர்கள் உட்கொண்டது குளிகையே. கடையில் விற்குங் கட்டியன்று. வாதம் முழுவதும் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுவே. 70 முதல் 85 வீதங் கொக்கோ அடங்கிய கருஞ்சொக்கலேற்று 100 கிராமில் ஏறத்தாழ 600 கலோரியும், 43 கிராம் கொழுப்பும், 24 கிராம் சீனியும் உள. நார்ப்பொருள் 11 கிராமும், இரும்பு, மகனீசியம் முதலியனவுங் கணிசமாக உள்ளன என்பது மெய்யே. கொழுப்பில் ஒரு பகுதியாகிய இசுத்தியரிக்கமிலங் கொலெஸ்திரோலை உயர்த்துவதில்லை என்பதும் மெய்யே. எனினும் ஒரு கட்டி முழுவதையும் உண்பவர் ஒரு வேளைச் சோற்றுக்கு மேலாகவே உண்டவராவர். 20 கிராம் உண்பவரோ 120 கலோரியும் ஒரு தேக்கரண்டிச் சீனியும் பெறுகின்றனர்; பிற உணவில் அவ்வளவைக் குறைத்துக்கொண்டால் உடல் பருக்காது. நீரிழிவு உடையோர்க்கு இக்கணக்கு இன்னும் இன்றியமையாதது.

மற்றொன்று. சில நிலங்களில் விளையுங் கொக்கோ மண்ணிலுள்ள கதமியத்தை ஈர்த்துக்கொள்கின்றது. கொக்கோ மிகுந்த கட்டியில் அதுவும் மிகலாம். பாதியளவேனுங் கொக்கோ உள்ள சொக்கலேற்றில் ஒரு கிலோகிராமுக்கு 0.8 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதி 2019இல் நடைமுறைக்கு வந்தது. நாடோறுஞ் சிறுவர்க்குக் கருஞ்சொக்கலேற்றுக் கொடுப்பது உகந்ததன்று என்பதற்கு இஃதொரு காரணம்.

வாங்குவோர் உறையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். சேர்பொருள்கள் நிறையின் வரிசையிலேயே எழுதப்படுகின்றன. முதலிற் சீனி நிற்குமாயின் அது கருமை நிறம் பெற்ற இனிப்பேயாகும். காரஞ் சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோ எனக் குறித்திருந்தால், கொக்கோ வீதம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், பிளவனோல் சிறிதே எஞ்சியிருக்கும். அவ்வளவினை உறையில் அச்சிடும் வழக்கமோ இன்னும் பரவவில்லை.